சேவையா, சம்பளமா? நாம் கேட்கும் தவறான கேள்வி





கல்லூரிகளில் சேர்க்கை நடக்கும் காலம் இது. பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பிள்ளைகளை ஆலயத்தில் முன்னே அழைத்து ஜெபிக்கிறோம். அது நல்ல வழக்கம். ஆனால் இந்த வாரச் சிந்தனையை அந்தப் பிள்ளைகளுக்காக எழுதவில்லை. முப்பது வயதையும் நாற்பது வயதையும் தாண்டியபின் மறுபடியும் படிக்கப் புறப்படுகிறவர்களுக்காகவும், அதைவிட முக்கியமாக, அவர்களுக்கு ஆலோசனை சொல்லுகிற நமக்காகவும் எழுதுகிறேன்.

நம்முடைய சபைகளில் அவர்கள் இருக்கிறார்கள். கணவரை இழந்தபின் குடும்பப் பாரத்தைச் சுமக்கும் சகோதரி இருக்கிறார். வளைகுடா நாட்டு வேலை முடிந்து ஊர் திரும்பிய சகோதரர் இருக்கிறார். பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போனபின், விட்டுப்போன படிப்பைத் தொடர நினைக்கிற தாய் இருக்கிறார். அவர்களுக்கு முன்னால் பெரும்பாலும் இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று செவிலியர் பயிற்சி, ஆசிரியர் பயிற்சி, சமூகப் பணி, சிறப்புக் கல்வி, மனநல ஆலோசனை போன்ற வழி. மற்றொன்று கணக்கியல், கணினிப் பயிற்சி, தட்டச்சு, தேர்வாணையத் தேர்வு, வங்கித் தேர்வு என்று அலுவலக நாற்காலிக்குக் கொண்டுபோகும் வழி. எதில் போவது என்று அவர்கள் சபையிடம் கேட்கிறார்கள். சபை என்ன சொல்லுகிறது?

இரண்டு நாவுகள்

ஞாயிற்றுக்கிழமை சபை சொல்லுவது ஒன்று. "நோயாளியைத் தொடுகிற கை ஆண்டவரின் கை. பிள்ளைக்குக் கற்பிக்கிறது வேலை அல்ல, ஊழியம். அலுவலக வேலை வயிற்றுப்பாட்டுக்கு; சேவை வேலையோ அழைப்பு." மே 12 அன்று செவிலியர்களுக்கும் செப்டம்பர் 5 அன்று ஆசிரியர்களுக்கும் சால்வை போர்த்துகிறோம்.

திங்கட்கிழமை அதே சபை சொல்லுவது வேறு. மணமகள் தேடும்போது, "நர்ஸா? இரவுப் பணி இருக்குமே" என்று தயங்குகிறோம். "வங்கியில் வேலை" என்றால் முகம் மலருகிறது. சமூகப் பணி படிக்க விரும்பும் நாற்பது வயதுச் சகோதரரிடம், "அதில் என்ன சம்பளம் வரும்?" என்று கேட்கிறோம். சம்பளத்தைப் பற்றி அவர் வாய் திறந்தாலோ, "ஊழியத்தில் சம்பளத்தைப் பார்க்கலாமா?" என்று கடிந்துகொள்ளுகிறோம்.

இரண்டு நாவுகளால் பேசுகிறவர்களுக்கு நடுவில் நிற்கிற மனிதரின் நிலையை எண்ணிப் பாருங்கள். சேவைத் தொழிலைத் தேர்ந்துகொண்டால் குடும்பத்துக்குத் துரோகம் செய்ததாகக் குற்ற உணர்வு. அலுவலகத்தைத் தேர்ந்துகொண்டால் தேவனுடைய அழைப்புக்குப் புறமுதுகு காட்டியதாகக் குற்ற உணர்வு. எந்த வழியில் போனாலும் குற்றவாளியாகவே போகும்படி அவரை அனுப்புகிறோம். இது ஆலோசனை அல்ல. சுமக்கக் கடினமான பாரங்களைப் பிறர் தோள்மேல் ஏற்றிவிட்டு, தாங்கள் விரலாலும் அசைக்க மனமில்லாதிருந்தவர்களை ஆண்டவர் எப்படிக் கண்டித்தார் என்பதை மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் வாசித்திருக்கிறோம். அந்தக் கண்டனம் நமக்கும் உரியது.

வேதம் எழுப்பாத சுவர்

தொழில்களில் பரிசுத்தமானவை, உலகத்துக்குரியவை என்று ஒரு சுவர் இருப்பதாக வேதம் போதிக்கவில்லை. யோவான் ஸ்நானகனிடம் ஆயக்காரர்களும் போர்ச்சேவகர்களும் வந்து, தாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்கள். வேலையை விட்டுவிட்டு வனாந்தரத்துக்கு வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. விதிக்கப்பட்டதற்கு மேல் வாங்கக்கூடாது, யாரையும் மிரட்டிப் பணம் பறிக்கக்கூடாது, கிடைக்கிற சம்பளம் போதுமென்று இருக்கவேண்டும் என்றே சொன்னார் (லூக்கா 3). மத்தேயு ஆயத்துறையை விட்டு எழுந்து ஆண்டவரின் பின்னே போனது உண்மை. ஆனால் சகேயு தன் பதவியை விட்டதாக வேதம் கூறவில்லை. அவன் கணக்கைத் திருத்தினான்; அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்க முன்வந்தான். ஆண்டவர் அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார் (லூக்கா 19). ஒருவன் மேசையை விட்டு எழுந்தான். மற்றொருவன் மேசையைச் சுத்திகரித்தான். இருவரும் சீஷர்களே.

யோசேப்பை நினைத்துப் பாருங்கள். பார்வோனுக்கு முன்பாக நின்றபோது அவனுக்கு வயது 30. அவன் எகிப்தில் செய்த வேலை என்ன? தானியம் சேர்த்தான், களஞ்சியம் அமைத்தான், அளந்து எழுதினான், பஞ்சம் வந்தபோது பங்கிட்டான். இன்றைய மொழியில் சொன்னால் அது சுத்தமான அலுவலக வேலை. அந்த அலுவலகம் இல்லாதிருந்தால் யாக்கோபின் குடும்பமே பசியால் மடிந்திருக்கும்.

அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தைக் கவனமாக வாசியுங்கள். ஆதித் திருச்சபையில் அன்றாடப் பந்தி விசாரணையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப்போனார்கள். அங்கே அன்பு இல்லாமல் போனதாக எழுதப்படவில்லை. ஒழுங்கான ஏற்பாடுதான் இல்லை. பட்டியலில் பெயர் இல்லாததால் ஒரு விதவை பசியோடு இருந்தாள். அப்போஸ்தலர்கள் அதற்கு என்ன செய்தார்கள்? கொஞ்சம் கணக்குத் தெரிந்த யாரையாவது நிறுத்துங்கள் என்று சொல்லிவிடவில்லை. நற்பெயரும் ஞானமும் பரிசுத்த ஆவியின் நிறைவும் உள்ள ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். ஜெபித்து அவர்கள்மேல் கைகளை வைத்தார்கள். பந்தியின் நிர்வாகத்துக்கு ஆவியின் நிறைவு தேவைப்பட்டது. நாமோ தாலுகா அலுவலகத்தில் முதியோர் ஓய்வூதிய மனுவைப் பரிசீலிக்கும் சகோதரியை, வெறும் உலக வேலை செய்கிறவளாக எண்ணுகிறோம். அவள் ஒரு கோப்பைத் தாமதப்படுத்தினால் ஒரு விதவையின் அடுப்பு எரியாது. அவள் அதைச் சரியான நாளில் அனுப்பினால், அப்போஸ்தலர்கள் கைகளை வைத்து ஏற்படுத்திய அதே ஊழியத்தைச் செய்கிறாள்.

பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் எதிர்த்த காரியங்களில் இதுவும் ஒன்று. துறவியின் வாழ்க்கை உயர்ந்த அழைப்பு, செருப்புத் தைக்கிறவனுடைய வாழ்க்கை தாழ்ந்த பிழைப்பு என்ற பிரிவினையை அவர் உடைத்தார். ஜெர்மன் மொழியில் இன்று தொழிலைக் குறிக்கும் 'பெருஃப்' என்ற சொல், அழைப்பு என்னும் பொருளிலிருந்து வந்தது. நாம் அக்டோபர் 31 அன்று சீர்திருத்தத் திருநாளைக் கொண்டாடிவிட்டு, உடைந்த அந்தச் சுவரின் செங்கற்களைப் பொறுக்கி மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் புதிய சுவர் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

கொர்பான்

இதில் ஒரு வேத விளக்கத் தவறு மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு காரமாக எழுத வேண்டியதில்லை. இந்தச் சுவரால் இலாபம் அடைகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவேதான் எழுதுகிறேன்.

மாற்கு 7ஆம் அதிகாரத்தில் 'கொர்பான்' என்ற சொல் வருகிறது. தேவனுக்குக் கொடுக்கப்பட்ட காணிக்கை என்பது அதன் பொருள். தாய் தகப்பனுக்குச் செலவிட வேண்டியதைக் கொர்பான் என்று அறிவித்துவிட்டு, அவர்களைக் கைவிட்டார்கள் சிலர். பரிசுத்தமான ஒரு சொல்லால் கடமையை மூடினார்கள். ஆண்டவர் அதை மாய்மாலம் என்றார்.

"இது ஊழியம்" என்ற சொல் நம்முடைய கைகளில் அப்படித்தான் ஆகிவிட்டது. திருச்சபை நடத்துகிற பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு உதவிபெறும் பணியிடத்தில் இருக்கிற ஆசிரியர் அரசின் ஊதியத்தைப் பெறுகிறார். அடுத்த வகுப்பறையில் அதே பாடத்தை நடத்துகிற, நிர்வாகம் நியமித்த ஆசிரியை அதில் ஒரு சிறு பங்கைப் பெறுகிறார். அவர் கேட்டால் நாம் சொல்லும் பதில், "ஆண்டவர் பரலோகத்தில் பலன் தருவார்." பரலோகத்தில் பலன் தரப்போகிறவர் ஆண்டவர் என்பது உண்மை. பூலோகத்தில் சம்பளம் தரவேண்டியவர்கள் நாம் என்பதும் உண்மை. முதலாவது உண்மையைச் சொல்லி இரண்டாவது உண்மையை மறைப்பதற்குப் பெயர் கொர்பான். ஒரு பணியிடத்துக்கு நியமனம் பெறவே பணம் கேட்கப்படுகிறது என்ற பேச்சு எங்கேனும் உண்மையாயிருந்தால், அதற்கு இன்னும் கடுமையான பெயரை வேதம் வைத்திருக்கிறது.

உலகமும் இந்தத் தந்திரத்தை அறிந்திருக்கிறது. கிராமங்களில் வீடு வீடாய்ச் சென்று கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கவனிக்கும் 'ஆஷா' பணியாளர்கள், 2005இல் அத்திட்டம் தொடங்கியதுமுதல் தன்னார்வலர்கள் என்றே வகைப்படுத்தப்பட்டார்கள். சம்பளத்துக்குப் பதில் ஊக்கத்தொகை. 1975இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் பெயர் 'கௌரவப் பணியாளர்'; கிடைப்பது மதிப்பூதியம். அவர்களுக்கும் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று 2022இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. தனியார் மருத்துவமனைச் செவிலியர்களின் நிலையை ஆராய, உச்சநீதிமன்ற உத்தரவின்படி 2016இல் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. ஐம்பது படுக்கைகளுக்குக் குறைவான சிறிய மருத்துவமனையிலும் செவிலியரின் மாதச் சம்பளம் ரூ. 20,000க்குக் குறையக்கூடாது என்றும், 200 படுக்கைகளுக்கு மேல் உள்ள மருத்துவமனைகளில் அது அரசுச் செவிலியரின் ஊதியத்துக்கு இணையாக இருக்கவேண்டும் என்றும் அந்தக் குழு பரிந்துரைத்தது. நம்முடைய மருத்துவமனைகளின் சம்பளப் பட்டியலை அந்த அளவுகோலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க நமக்குத் தைரியம் உண்டா? நீதிமன்றம் கேட்கிற கேள்வியைத் திருச்சபை முதலில் கேட்டிருக்க வேண்டும். அயலானுடைய உழைப்பைக் கூலியின்றி வாங்கி மாளிகை கட்டுகிறவனுக்கு ஐயோ என்று எரேமியா 22ஆம் அதிகாரத்தில் கூறியது நீதிமன்றம் அல்ல, கர்த்தர்.

இரண்டு எதிர்வாதங்களை நான் அறிவேன். முதலாவது, "எங்கள் நிறுவனத்தில் உண்மையாகவே பணம் இல்லை, ஏழைகளிடம் குறைந்த கட்டணம் வாங்குகிறோம்" என்பது. அப்படியே இருக்கலாம். அப்படியானால் அதை வறுமை என்று சொல்லுங்கள்; கணக்கைத் திறந்து காட்டுங்கள்; பற்றாக்குறையை மேலிடத்திலிருந்து பங்கிடத் தொடங்குங்கள். அதைத் தேவசித்தம் என்று சொல்லாதீர்கள். குறைந்த ஊதியத்தை ஒருவர் மனமுவந்து ஏற்றுக்கொண்டால் அது அவருடைய காணிக்கை. அவரைக் கேளாமல் நாம் பிடித்துக்கொண்டால் அது காணிக்கை அல்ல. யாக்கோபு 5ஆம் அதிகாரத்தில் கூக்குரலிடுகிற கூலி அதுதான்.

இரண்டாவது எதிர்வாதம், யோவான் 10ஆம் அதிகாரத்தைக் காட்டி, "கூலிக்கு மேய்க்கிறவன் நல்ல மேய்ப்பன் அல்லவே" என்பது. அந்தக் கூலியாளின் குற்றம் கூலி வாங்கியது அல்ல. ஓநாய் வந்தபோது ஆடுகளை விட்டு ஓடினதே அவன் குற்றம். தம்முடைய சீஷர்களை அனுப்பியபோது, வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்று போதித்தவரும் அதே ஆண்டவர்தான் (லூக்கா 10). நள்ளிரவில் வார்டை விட்டு ஓடாமல் நின்ற செவிலியருக்கு மாதக் கடைசியில் கூலி கேட்க முழு உரிமை உண்டு.

நல்ல சமாரியனை மறந்துவிடாதீர்கள். அவன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயங்களைக் கட்டினான் என்பதை எல்லாரும் பிரசங்கிக்கிறோம். மறுநாள் அவன் என்ன செய்தான்? சத்திரக்காரனிடம் இரண்டு பணத்தைக் கொடுத்தான். கூடுதலாகச் செலவானால் திரும்பி வரும்போது தீர்ப்பதாக வாக்குக் கொடுத்தான். காயப்பட்டவனைக் கவனிக்கப்போகிறவனுக்கு முன்பணம் தந்து, பாக்கிக்கும் பொறுப்பேற்றான். "இது புண்ணியம், இலவசமாய்ச் செய்" என்று அவன் சொல்லவில்லை. இரக்கத்துக்கும் கணக்கு உண்டு என்பதை அறிந்திருந்ததினால்தான் அவன் நல்ல சமாரியன்.

விளக்கும் கணக்கேடும்

சேவைத் தொழிலின் அடையாளமாக நாம் எப்போதும் காட்டுகிறவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். கையில் விளக்கோடு அவர் நிற்கிற படம் எல்லாச் செவிலியர் பள்ளிகளிலும் உண்டு. ஆனால் அவருடைய மறுகையில் இருந்தது கணக்கேடு. கிரிமியப் போரிலிருந்து 1856இல் திரும்பியபின், காயங்களால் இறந்தவர்களைக் காட்டிலும் சுகாதாரக் கேட்டினால் வந்த நோய்களால் இறந்த போர்வீரர்களே அதிகம் என்பதை எண்களாலும் வரைபடங்களாலும் நிரூபித்து அரசாங்கத்தை அசைத்தார். இலண்டன் புள்ளிவிவரச் சங்கத்தில் உறுப்பினராகத் தெரிந்துகொள்ளப்பட்ட முதல் பெண் அவரே. விளக்கு ஒரு வார்டில் கிடந்தவர்களுக்கு ஆறுதல் தந்தது. கணக்கேடோ அவர் கண்ணால் காணாத ஆயிரமாயிரம் பேரின் உயிரைக் காத்தது. எது ஊழியம், எது அலுவலகம் என்று அவரிடத்தில் பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

நமக்கு அருகில் இருக்கிற வேலூரையே பாருங்கள். ஐடா ஸ்கடர் 1900இல் திரும்பி வந்து, ஒற்றைப் படுக்கையோடு மருத்துவத்தைத் தொடங்கினார் என்பதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். 1902இல் எழும்பிய மேரி டேபர் ஷெல் மருத்துவமனைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு வங்கியாளர், மறைந்த தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலர் அது. மருத்துவரின் கை ஒன்று. வங்கியாளரின் கை ஒன்று. கைகள் இரண்டும் ஒரே சரீரத்துடையவை. கண் கையைப் பார்த்து நீ எனக்கு வேண்டாம் என்று சொல்லக்கூடாது எனப் பவுல் கொரிந்தியருக்கு எழுதினார்.

இன்னும் ஒன்றைச் சொல்லவேண்டும். பசித்தவனுக்கு ஆகாரம், வியாதியஸ்தனைக் காணுதல், சிறைப்பட்டவனிடம் போகுதல் என்று மத்தேயு 25இல் ஆண்டவர் சொன்ன காரியங்களை அவர் ஒரு தொழிற்பிரிவுக்கு மட்டும் ஒப்படைக்கவில்லை. சீஷர் எல்லாரிடத்திலும் அவற்றைக் கேட்பார். "நான் அலுவலகத்தில் இருக்கிறேன்; இரக்கம் காட்டுகிறது செவிலியரின் வேலை" என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. சேவைத் தொழிலில் இருப்பதினாலேயே ஒருவர் இரக்கமுள்ளவர் ஆகிவிடுகிறதும் இல்லை. மனம் கடினப்பட்ட ஆசிரியரும் உண்டு. மனம் உருகுகிற எழுத்தரும் உண்டு. அலுவலகத்தை 'உலகம்' என்று ஒதுக்கினால், அங்கே வேலை செய்கிறவர்களை மனச்சாட்சியின் கடமையிலிருந்தும் விடுவித்துவிடுகிறோம். லஞ்சம் அப்படித்தான் விசுவாசிகளின் மேசைக்கும் வந்து சேருகிறது.

"இந்த வயதிலா?"

படிக்கப் புறப்படுகிறவரைப் பார்த்து நாம் கேட்கிற மற்றொரு கேள்வி இது. எண்பது வயதில் மோசேயை அனுப்பிய தேவனை ஆராதிக்கிறவர்கள், நாற்பது வயதில் விண்ணப்பப் படிவம் வாங்குகிறவரைப் பார்த்துச் சிரிப்பது வெட்கத்துக்குரியது.

ஆல்பர்ட் சுவைட்சர் 1905இல் மருத்துவம் படிக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 30. தத்துவத்திலும் இறையியலிலும் ஏற்கெனவே முனைவர் பட்டம் பெற்றிருந்தார், கல்லூரியில் கற்பித்துக்கொண்டிருந்தார், ஆர்கன் இசைக் கலைஞராகப் புகழ்பெற்றிருந்தார். உறவினரும் நண்பரும் தடுத்தார்கள். அவர் பல ஆண்டுகள் படித்து, 1913இல் ஆப்பிரிக்காவின் லாம்பரேனேக்குப் போனார். அவருடைய துணைவியார் எலேனா செவிலியர் பயிற்சி பெற்றுக் கூடவே சென்றார். அந்தப் பயணத்துக்கு வேண்டிய பணத்தை அவர்களே திரட்டினார்கள் என்பதையும் கவனியுங்கள். உணர்ச்சிவசப்பட்டுக் கப்பல் ஏறவில்லை. கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிட்டார்கள்.

வேலூரில் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு சாலை விபத்தில் சிக்கி, உடலின் கீழ்ப்பகுதி செயலிழந்தது. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். முப்பது வயதைத் தாண்டியபின் நியூயார்க்குக்குச் சென்று மறுவாழ்வு மருத்துவத்தைப் புதிதாகக் கற்றுத் திரும்பினார். வேலூரில் அந்தத் துறையை அவரே தலைமையேற்று வளர்த்தார். "இந்த வயதிலா, இந்த நிலையிலா" என்று கேட்டவர்களின் சொல்லை அவர் கேட்டிருந்தால், முதுகெலும்பு முறிந்து அங்கே வந்தவர்களின் கதி என்னவாகியிருக்கும்?

தெரிவு செய்யவேண்டியவரே, உங்களுக்கு

படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்குகிற சகோதரரே, சகோதரியே, "எது அதிகப் பரிசுத்தம்?" என்ற கேள்வியைக் கிழித்துப் போடுங்கள். அதற்குப் பதிலாக மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது: எந்தப் பாரத்தைச் சுமக்க எனக்கு வரம் தரப்பட்டிருக்கிறது? இதை அறையில் உட்கார்ந்து அறிய முடியாது. செவிலியராக விரும்பினால், முதலில் ஒரு முதியோர் இல்லத்தில் சில நாட்கள் உதவி செய்து பாருங்கள். மலம் துடைக்கும்போதும், காரணமில்லாமல் திட்டு வாங்கும்போதும், இரவு மூன்று மணிக்கு அழைப்பு மணி கேட்கும்போதும் உங்கள் உள்ளம் என்ன சொல்லுகிறது என்று கவனியுங்கள். கணக்கு வேலையை விரும்பினால், ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் மார்ச் மாதத்தில் சில நாட்கள் உட்கார்ந்து பாருங்கள். பிறர் கண்ணீரைக் கண்டால் உடைந்துபோகிற மென்மை ஒரு வரம். ஆனால் அது தினமும் எட்டு மணிநேரம் தாங்குமா என்பது வேறு காரியம். எண்களில் ஒழுங்கைக் காணும் மனமும் வரமே. அதைச் சேவை உணர்வு இல்லாத மனம் என்று யாரும் உங்களை நம்பவைக்க இடங்கொடாதேயுங்கள்.

இரண்டாவது: இதற்கு ஆகும் செலவு என்ன? செவிலியர் பட்டயப் படிப்பு மூன்று ஆண்டு. பட்டப் படிப்பு நான்கு ஆண்டு. இவற்றை அஞ்சல் வழியில் படிக்க இயலாது. வார்டில் நின்றே கற்கவேண்டும். ஆசிரியர் பயிற்சியான பி.எட். இரண்டு ஆண்டு, அதில் பள்ளியில் செய்யும் பயிற்சியும் உண்டு. சமூகப் பணி முதுநிலைப் படிப்பு இரண்டு ஆண்டு, களப்பணி கட்டாயம். சில படிப்புகளுக்கும் அரசுத் தேர்வுகளுக்கும் வயது வரம்பு உண்டு. பணம் கட்டுமுன் அதை விசாரியுங்கள். செவிலியர் கல்லூரிக்குச் செவிலியர் குழுமத்தின் அங்கீகாரமும், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரமும் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர்ப் பலகையில் சிலுவை இருப்பது அங்கீகாரம் ஆகாது. வேலையை விடாமல் படிக்கவேண்டிய நிலையில் இருப்பவருக்குத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வணிகவியல் பட்டமும் கணினிக் கணக்கியலும் பொருத்தமாக அமையலாம். அதைத் தெரிந்துகொள்வது அவிசுவாசம் அல்ல.

மூன்றாவது: என் வீட்டார் இந்த ஆண்டுகளைத் தாங்குவார்களா? தன் வீட்டாரை விசாரியாதவனைப் பற்றிப் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய கடுமையான வார்த்தையை நினைவில் வையுங்கள். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காக ஒரு தாய் அலுவலக வேலையைத் தெரிந்துகொண்டால், அவள் அழைப்பை விட்டு ஓடிப்போனவள் அல்ல. அவளுடைய முதலாவது அயலான் அவளுடைய வீட்டிலேயே இருக்கிறான்.

சபையாரே, நமக்கு

ஆலோசனை சொல்லுகிறவர்கள் செலவிலும் பங்கெடுக்கவேண்டும். "செவிலியராகுங்கள், அது ஊழியம்" என்று ஒரு சகோதரியிடம் சொல்லுகிறவர், அவர் இரவுப் பயிற்சிக்குப் போகும்போது அவருடைய பிள்ளையைத் தன் வீட்டில் தூங்கவைக்க ஆயத்தமா? ஆலய மண்டபம் வாரநாட்களில் பூட்டிக் கிடக்கிறது. மாலை வேளையில் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்காக இரண்டு மேசையும் விளக்கும் அங்கே போடலாம். அறுப்பின் பண்டிகையில் ஏலத்தில் எடுக்கிற பொருள்களுக்காக நாம் மகிழ்ச்சியோடு செலவிடுகிற பணத்தில் ஒரு பங்கு, வயதுவந்த ஒரு மாணவரின் தேர்வுக் கட்டணமாக மாறலாம். வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் வேலை செய்கிறவர்கள் வாரத்தில் ஒருநாள் வந்து, படிவம் நிரப்பவும் கடன் விண்ணப்பம் எழுதவும் உதவலாம்.

நம்முடைய கமிட்டிகளில் அமர்ந்திருக்கிறவர்களே, அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை மட்டும் எடுங்கள். நம்முடைய பள்ளியிலும் மருத்துவமனையிலும் மிகக் குறைந்த சம்பளம் வாங்குகிறவர் யார், எவ்வளவு வாங்குகிறார் என்பதை வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். அந்தத் தொகை கூட்டக் குறிப்பேட்டில் எழுதப்படட்டும். சூரியன் அஸ்தமிக்குமுன் கூலியைக் கொடுத்துவிடவேண்டும் என்ற உபாகமத்தின் கட்டளையை அதன்பின் வாசியுங்கள். அதுவரைக்கும், சேவைத் தொழிலின் மேன்மையைப்பற்றி நம்முடைய பிரசங்கபீடம் சற்று அமைதியாயிருக்கட்டும்.

ஜெபம்

பரம பிதாவே, பிந்திய வயதில் படிக்கப் புறப்படுகிற உம்முடைய பிள்ளைகளுக்குத் தெளிந்த மனதையும் சோராத பெலனையும் தாரும். வார்டிலும் வகுப்பறையிலும் மேசையிலும் அவர்கள் உம்மையே சேவிக்கச் செய்யும். உமது நாமத்தைச் சொல்லி நாங்கள் பிடித்துவைத்த கூலியை எங்கள் கண்களுக்குக் காட்டி, அதைக் கொடுத்துத் தீர்க்கும் கிருபையைத் தந்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம். ஆமென்.